ஒரே பதிப்பு, நாலு வகை மெஷின்: ஆய்வுகூடத்தில் பொதிகளை எப்படி ஒத்துப்போக வைப்பது?

#1 · படுவான்கரை_டீச்சர்

வாவிக்கு மேற்கே ஒரு பாடசாலையில் உயர்தர ஐசிரி (தகவல் தொழில்நுட்பம்) படிப்பிக்கிறேன். எங்கள் ஆய்வுகூடத்துக் கணினிகள் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் தந்தவை. 32 பிட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பழைய டெஸ்க்டொப்கள், பிறகு வந்த லப்டொப்கள், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பிய ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினிகள் கொஞ்சம், அந்தப் பெட்டியோடு சேர்ந்து வந்த ஒரு பை சீரோ.

எல்லாவற்றிலும் லினக்ஸ்தான்: லப்டொப்பில் உபுண்டு 22.04, பைதன் 3.10. டெஸ்க்டொப்பில் டெபியன் 11, பைதன் 3.9. பையில் ராஸ்பெரி பை ஓஎஸ், பைதன் 3.11. போன கிழமை ஒரு பிள்ளை மேட்ச்-கேஸ் (ஒரு மதிப்பைப் பல வடிவங்களோடு ஒப்பிடும் பைதன் கட்டளை) வைத்து ஒரு நிரல் எழுதினாள். அவளுடைய லப்டொப்பில் ஓடியது, பக்கத்தில் இருந்த டெஸ்க்டொப்பில் தொடரியல் பிழை. அது 3.10 இல்தான் வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் மீதிப் பிள்ளைகளுக்கு “டீச்சர், கொம்பியூட்டர் பிழை” என்றுதான் படுகிறது.

லப்டொப்பில் உள்ள பொதிகளின் (நிறுவிய மென்பொருள்களின்) பட்டியலைப் பதிப்பு எண்ணோடு எடுத்து, அதே எண்ணை மற்ற மெஷின்களில் நிறுவச் சொன்னால், பொதிகளை இறக்கி நிறுவும் ஆப்ட் ‘அப்படி ஒரு பதிப்பு இல்லை’ என்கிறது. எல்லா மெஷினிலும் ஒரே எண் வர வழி இருக்கிறதா?

#2 · வாழைச்சேனைக்_காற்று

பழைய டெஸ்க்டொப்பைக் கழித்து விடுங்கள், பாதிப் பிரச்சினை முடிந்தது.

#3 · படுவான்கரை_டீச்சர்

அவற்றைக் கழித்தால் ஒரு மெஷினுக்கு மூன்று பிள்ளைகள் உட்கார வேண்டும் தம்பி.

#4 · கல்லடிப்பாலம்

டீச்சர், பதிப்பு எண்ணுக்குப் போகமுதல் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

முதலாவது, ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். விண்டோஸ் 7 காலத்தில் 64 பிட் சிப் உள்ள மெஷினிலும் 32 பிட் விண்டோஸைப் போட்டு விற்றார்கள். கோர் 2 டுவோ என்றால் அது 64 பிட்தான். எல்எஸ்சிபியு என்று அடித்தால் வரும் விபரத்தில் ‘ஒப்-மோட்’ என்ற வரியைப் பாருங்கள். 32, 64 இரண்டும் இருந்தால் அது ஏஎம்டி64 (இன்டெல், ஏஎம்டி 64 பிட் சிப் வகை) மெஷின்.

இரண்டாவது, பையில் யுநேம் கட்டளை சொல்வதும், ஆப்டுக்குக் கீழே பொதிகளை நிறுவும் டிபிகேஜி சொல்வதும் ஒன்றா என்று பாருங்கள். கட்டமைப்பை, அதாவது எந்தச் சிப் வகைக்கான பொதிகள் என்பதை, அச்சிடச் சொல்லும் தெரிவு டிபிகேஜியில் இருக்கிறது. அதில் வரும் பெயர்தான் ஆப்டுக்குக் கணக்கு.

#5 · படுவான்கரை_டீச்சர்

பார்த்தேன் அண்ணன். ஒன்றிரண்டைத் தவிர டெஸ்க்டொப் எல்லாம் 64 பிட்! இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லை.

பை 4 இல் யுநேம் ‘ஏஆர்ச்64’ என்கிறது, டிபிகேஜி ‘ஏஆர்எம்எச்எஃப்’ என்கிறது. இது என்ன கூத்து?

#6 · கல்லடிப்பாலம்

கூத்து இல்லை, அப்படித்தான் தருகிறார்கள். 2023 இலிருந்து 32 பிட் ராஸ்பெரி பை ஓஎஸ்ஸைப் பை 4 இல் போட்டாலும் கேர்னல் (ஓஎஸ்ஸின் உட்கரு) மட்டும் 64 பிட்டாக ஏறும். மேலே உள்ள நூலகங்கள், பைதன், எல்லாம் 32 பிட். யுநேம் கேர்னலைச் சொல்கிறது, டிபிகேஜி மேலே உள்ளதைச் சொல்கிறது. பையில் இருப்பது ஏஆர்எம் வகைச் சிப்: ஏஆர்ச்64, ஏஆர்எம்64 இரண்டும் அதன் 64 பிட்டுக்குப் பெயர், ஏஆர்எம்எச்எஃப் 32 பிட்டுக்குப் பெயர். யுநேமைப் பார்த்து ‘இது 64 பிட்’ என்று முடிவெடுத்து 64 பிட் கோப்பை இறக்கும் நிறுவல் ஸ்கிரிப்டுகள் நிறைய உண்டு. அவை இங்கேதான் முட்டும். பை 4 இல் 64 பிட் ஓஎஸ்ஸைப் புதிதாகப் போடுங்கள். அது 2022 பெப்ரவரியில் இருந்தே அதிகாரபூர்வமாக இருக்கிறது, அதன் அடிப்படைப் பொதிகள் டெபியனின் ஏஆர்எம்64 களஞ்சியத்திலிருந்தே (பொதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் இடம்) வருகின்றன.

இனி உங்கள் கேள்வி. எண்ணை ஒன்றாக்கப் பார்க்காதீர்கள், வெளியீட்டை ஒன்றாக்குங்கள். உபுண்டு 22.04, டெபியன் 11, பை ஓஎஸ் மூன்றும் மூன்று களஞ்சியங்கள். ஒன்றில் உள்ள எண் மற்றதில் பெரும்பாலும் இருக்காது, ஆப்ட் சொன்னது சரி. ஆனால் டெபியனின் ஒரு நிலையான வெளியீட்டுக்குள் ஏஎம்டி64, ஏஆர்எம்64 இரண்டுக்கும் ஒரே மூலநிரலிலிருந்து கட்டிய பொதிகள்தான். ஒரு பொதியின் புதிய பதிப்பு சோதனைப் பிரிவுக்குள் வர, அந்தப் பொதி ஏற்கெனவே கிடைக்கும் வெளியீட்டுக் கட்டமைப்புகள் எல்லாவற்றிலும் அது கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி.

ஆகவே 64 பிட் மெஷின் எல்லாவற்றுக்கும் டெபியன் 13, பைக்கு அதே டெபியன் 13 ஐ அடிப்படையாகக் கொண்ட 64 பிட் பை ஓஎஸ். இரண்டிலும் பைதன் 3.13. நீங்கள் தனியாக எதையும் ஒரு பதிப்பில் பூட்டத் தேவையில்லை.

அப்படியும் எண்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்து வராது, அதைக் கண்டு பதற வேண்டாம். எண்ணின் கடைசியில் வரும் வால்களைப் படிக்கப் பழகுங்கள். ‘+பி1’ என்றால் மூலநிரல் மாறவில்லை, அந்தக் கட்டமைப்புக்கு மறுபடி கட்டியிருக்கிறார்கள். ‘+டெப்13யு1’ என்றால் நிலையான வெளியீட்டுக்குள் வந்த திருத்தம். ‘+ஆர்பிடி1’ என்றால் பைக்காரர்கள் தங்கள் திருத்தத்தோடு கட்டியது, கேர்னல், குரோமியம், எஃப்எஃப்எம்பெக் போன்றவற்றில் வரும். டிபிகேஜி ஒப்பிடும்போது இவை எல்லாம் வால் இல்லாத எண்ணைவிடப் புதியவை. வாலுக்குள் எழுத்து வரிசை பார்க்கும், ஆகவே ஆர்பிடி வால், டெப் வாலை முந்தும். ‘~’ குறி மட்டும் தலைகீழ்: அது உள்ள எண், அது இல்லாததைவிடப் பழையதாகக் கணக்கில் வரும். பழைய வெளியீட்டுக்காகக் கட்டிய புதிய பதிப்புகளான பின்-ஏற்றப் பொதிகளில் ‘~பிபிஓ’ என்று போடுவது இதற்காகத்தான். அடுத்த வெளியீட்டுக்கு மாறும்போது உண்மையான பொதி தானாக மேலே வரும்.

#7 · மருதமுனைத்_தறி

அண்ணன் சொல்வது சரி, ஆனால் இதற்கு இவ்வளவு வேலை எதற்கு? டொக்கர் போடுங்கள், நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே பெட்டியாக (கொண்டெய்னர்) ஓட்டும் கருவி. பைதன் 3.13 இமேஜ் (அந்தப் பெட்டிக்கான அச்சு) ஒன்று, அதே டேக் (பெயர்ச்சீட்டு), லப்டொப்பிலும் பையிலும் இழுத்தால் வேலை முடிந்தது. கீழே உபுண்டுவா டெபியனா என்ற கேள்வியே இல்லை. கம்பெனியில் எங்கள் சேர்வர்கள் எக்ஸ்86 (இன்டெல் வகை), கிளவுட்டில் கொஞ்சம் ஏஆர்எம், பாதிப் பேர் எம் சிப் மேக்கில் எழுதுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே டேக்தான்.

#8 · சம்மாந்துறை_ஆலை

தறி, ஒரே டேக் என்பதற்காக ஒரே பொருள் என்று இல்லை தம்பி. டேக்குக்குப் பின்னால் ஒரு பட்டியல்தான் இருக்கிறது: ஏஎம்டி64 என்றால் இந்த இமேஜ், ஏஆர்எம்64 என்றால் அந்த இமேஜ் என்று. ஒவ்வொன்றுக்கும் டைஜஸ்ட் (உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் அடையாள எண்) வேறு. லப்டொப்பில் கிடைத்த டைஜஸ்டை எடுத்துப் பூட்டினால் பையில் ‘எக்செக் ஃபோர்மட் எரர்’ வரும். பூட்டுவதென்றால் பட்டியலின் டைஜஸ்டைப் பூட்ட வேண்டும். சிலர் இமேஜைக் கட்டும்போது ஒரு கட்டமைப்பை மட்டும் புதுப்பித்து மற்றதை விட்டு விடுகிறார்கள். டேக் ஒன்று, உள்ளே இரண்டு வயது.

நான் நெல் ஆலைகளுக்குப் பில் போடும் அமைப்பு செய்கிறேன். ஆலைக் கந்தோரில் மினி பிசி, தராசுப் பக்கம் பை. பைக்கான இமேஜை லப்டொப்பில், வேறு சிப்பைப் போல நடிக்கும் கியூஇமு வழியாகக் கட்டினேன். கட்டும், ஆனால் சி++ தொகுப்பு ஏதாவது இருந்தால் பொழுது போய்விடும். பையிலேயே கட்டுவது அதைவிடப் பரவாயில்லை என்று பட்டது.

மற்றது, டீச்சருடைய பிள்ளைகள் ஐடிஎல்லைத் (பைதனோடு வரும் நிரல் எழுதும் சாளரம்) திறந்து நாலு வரி எழுதுகிறவர்கள். அவர்களுக்கு முதல் பாடமே கொண்டெய்னர் என்றால் பைதன் எங்கே போவது?

#9 · மருதமுனைத்_தறி

ஐடிஎல் விஷயம் ஒத்துக்கொள்கிறேன் நானா. வரைகலைச் சாளரத்தைக் கொண்டெய்னருக்குள்ளிருந்து காட்டுவது பள்ளிக்கூடத்துக்கு ஒத்துவராது. டைஜஸ்ட் பற்றிச் சொன்னதற்கு: டொக்கரின் பில்டெக்ஸ் கருவியில் இரண்டு கட்டமைப்பையும் ஒரே கட்டளையில் கட்டித் தள்ளினால் அந்த வயது வித்தியாசம் வராது. ஒழுங்காகச் செய்யாதவர்களுக்காக ஆயுதத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, டீச்சர் உபுண்டுவிலேயே இருந்தால் கவனிக்க: ஒரே கட்டமைப்பு, ஒரே வெளியீடு, ஒரே நாளில் புதுப்பித்தாலும் இரண்டு லப்டொப்பில் எண் வேறாக வரலாம். உபுண்டு புதுப்பிப்புகளைக் கட்டம் கட்டமாக விடுகிறது. ஒவ்வொரு மெஷினின் அடையாள எண்ணை வைத்து, இதற்கு இன்றைக்குக் கிடைக்குமா பிறகா என்று ஆப்ட் முடிவெடுக்கும். ‘கீப்ட் பேக்’ என்று வருவது பல நேரம் இதனால்தான். கட்டம் கட்டமாக வரும் புதுப்பிப்புகளை எப்போதும் சேர்த்துக்கொள் என்று ஆப்டில் ஒரு அமைப்பு இருக்கிறது, எல்லா மெஷினிலும் அதைப் போட்டால் ஒன்றாக வரும்.

#10 · சம்மாந்துறை_ஆலை

ஓ! இரண்டு ஆலையில் ஒரே மொடல் மினி பிசி ஏன் வேறு வேறு எண் காட்டுகிறது என்று மண்டையை உடைத்தது இதற்குத்தானா.

#11 · ஒலுவில்_மாணவன்

இழையில் இடையில் வருவதற்கு மன்னியுங்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். எனக்கு இரண்டு பிரச்சினை.

ஒன்று பிப் (பைதன் பொதிகளை நிறுவும் கருவி). தேவைப் பட்டியலில் எல்லாப் பதிப்பையும் ‘==’ போட்டுப் பூட்டி, ஹாஷும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) சேர்த்து வைத்திருக்கிறேன். லப்டொப்பில் சரி. 32 பிட் பையில் ஹாஷ் பொருந்தவில்லை என்று நிற்கிறது. டென்சர்ஃப்ளோ என்ற இயந்திரக் கற்றல் பொதி கிடைக்கவே இல்லை.

மற்றது இன்னும் விசித்திரம். சி மொழியில் எழுதிய ஒரு சிமுலேஷன். ஒரே மூலநிரல், ஒரே ஜிசிசி (சி தொகுப்பி) பதிப்பு. லப்டொப்பிலும் 64 பிட் பையிலும் விடையின் கடைசி இலக்கங்கள் வேறு. நிறையப் படிகள் ஓடிய பிறகு வரைபடமே விலகுகிறது. மேற்பார்வையாளர் எது சரி என்று கேட்கிறார்.

#12 · மருதமுனைத்_தறி

பிப் பகுதிக்கு நான் சொல்கிறேன். பிப் இறக்கும் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் ஒரு பதிப்பு என்பது ஒரு கோப்பு அல்ல. எக்ஸ்86_64 க்கு ஒரு வீல் (முன்பே கட்டி வைத்த பொதிக் கோப்பு), ஏஆர்ச்64 க்கு ஒரு வீல், மேக்குக்கு வேறு, எதுவும் பொருந்தாவிட்டால் மூலநிரல். ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் வேறு. பூட்டிய பட்டியலை உருவாக்கும் பிப்-டூல்ஸ் பைபிஐயில் உள்ள எல்லா வீல்களின் ஹாஷையும் எழுதும், ஆகவே 64 பிட்டில் பிரச்சினை வராது. 32 பிட் பை ஓஎஸ் மட்டும் பைவீல்ஸ் என்ற வேறு இடத்தையும் பார்க்கும் வகையில் அமைத்து வருகிறது. அங்கே பைக்காகத் தனியாகக் கட்டிய வீல்கள், அவற்றின் ஹாஷ் உங்கள் பட்டியலில் இல்லை. டென்சர்ஃப்ளோவுக்கு 32 பிட் ஏஆர்எம் வீல் பைபிஐயில் இல்லை. 64 பிட் ஓஎஸ்ஸுக்கு மாறினால் இரண்டும் ஒன்றாகத் தீரும்.

பட்டியலில் கட்டமைப்பைப் பார்த்து நிபந்தனை எழுதினால் பெயரைக் கவனியுங்கள். அதே 64 பிட் ஏஆர்எம்மை லினக்ஸில் பைதன் ‘ஏஆர்ச்64’ என்கிறது, மேக்கில் ‘ஏஆர்எம்64’ என்கிறது. இன்டெல் மெஷின் லினக்ஸில் ‘எக்ஸ்86_64’, விண்டோஸில் ‘ஏஎம்டி64’. ஒரு பெயரை மட்டும் எழுதினால் மற்ற இடத்தில் அந்தப் பொதி சத்தம் போடாமல் விடுபடும்.

#13 · கல்லடிப்பாலம்

ஒலுவில் தம்பிக்கு: இரண்டும் சரி. 64 பிட் ஏஆர்எம்மில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் செய்து ஒரே முறை மட்டும் முழுமையாக்கும் (கடைசி இலக்கத்தைக் கிட்டிய மதிப்புக்குச் சீராக்கும்) வசதி எல்லாச் சிப்பிலும் உண்டு, ஜிசிசி கேட்காமலே அதைப் பயன்படுத்தும். பொது எக்ஸ்86_64 இலக்குக்குக் கட்டும்போது அந்தக் கட்டளை இல்லை, ஆகவே பெருக்கிய பின் ஒருமுறை, கூட்டிய பின் ஒருமுறை முழுமையாக்கும். ஜிசிசியில் ‘எஃப்பி-கொன்ட்ராக்ட்’ தெரிவை ‘ஓஃப்’ ஆக்கிக் கட்டிப் பாருங்கள், வித்தியாசம் பெரும்பாலும் போய்விடும். சைன், எக்ஸ்பொனென்ட் போன்ற கணித நூலகச் செயல்களை அழைத்தால் அங்கேயும் கடைசி இலக்கம் மாறலாம். உங்கள் வரைபடம் கண்ணுக்குத் தெரிய விலகுகிறது என்றால், அந்தச் சமன்பாடு அவ்வளவு உணர்திறன் உள்ளது என்பதையும் ஆய்வறிக்கையில் எழுத வேண்டும். அது கணினியின் பிழை இல்லை.

அதோடு, ஒரு எழுத்தை வாசிக்கும் ‘கெட்சார்’ விடையைச் சாதாரண ‘சார்’ மாறியில் போட்டு, உள்ளீடு முடிந்ததைக் காட்டும் ஈஓஎஃப் (ஒரு மறை எண்) வரும்வரை சுற்றும் நிரல்கள் பழைய பாடப்பயிற்சிகளில் நிறைய. எக்ஸ்86 லினக்ஸில் சார் குறியுள்ளது (மறை எண்ணும் ஏற்கும்), ஏஆர்எம் லினக்ஸில் குறியற்றது. அங்கே அந்தச் சுற்று முடியவே முடியாது. எந்தப் பதிப்பைப் பூட்டினாலும் இது தீராது, இன்ட் ஆக்க வேண்டும்.

கட்டமைப்புப் பெயருக்குள்ளேயே படிகள் இருக்கின்றன என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஏஆர்எம்எச்எஃப் என்று டெபியன் சொல்வது ஏஆர்எம் 7 ஆம் பதிப்புச் சிப்புக்குக் கட்டியது. பை ஓஎஸ்ஸின் 32 பிட் களஞ்சியமும் அதே பெயரைத்தான் போட்டிருக்கிறது, ஆனால் அது 6 ஆம் பதிப்புக்குக் கட்டியது. முதல் பையும் பை சீரோவும் 6 ஆம் பதிப்பு. டீச்சர், உங்கள் பை சீரோவில் யாராவது டெபியன் களஞ்சியத்தைச் சேர்க்கச் சொன்னால் கேட்காதீர்கள். ஆப்ட் சந்தோஷமாக நிறுவும், ஓடும்போது ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று விழும்.

இன்டெல் பக்கமும் அதே கதைதான். எக்ஸ்86_64 சிப்புகளை வசதிப்படி மட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: ரெட் ஹாட் லினக்ஸ் 9 இரண்டாம் மட்டச் சிப் கேட்கிறது, 10 மூன்றாம் மட்டம் கேட்கிறது. கோர் 2 டுவோ இரண்டாம் மட்டத்துக்கே ஏறாது. பழைய மெஷினுக்கு டெபியன் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம், அவர்கள் ஏஎம்டி64 ஐ இன்னும் முதல் மட்டத்துக்கே கட்டுகிறார்கள்.

#14 · சம்மாந்துறை_ஆலை

கல்லடி அண்ணனிடம் ஒரு கேள்வி. ஆலைப் பில் பிரிண்டரின் ட்ரைவர் ஐ386 க்கு (32 பிட் இன்டெல் வகை) மட்டும்தான் தந்திருக்கிறார்கள். ஏஎம்டி64 மெஷினில் ஐ386 ஐயும் கட்டமைப்பாகச் சேர்த்து ஓட்டுகிறேன். சில நேரம் புதுப்பிக்கப் போனால் ஆப்ட் ஐ386 நூலகங்களை எல்லாம் அகற்றட்டுமா என்று கேட்கிறது. ஓம் என்று அழுத்தினால் ஆலையில் பில் நிற்கும்.

#15 · கல்லடிப்பாலம்

வெளிக் களஞ்சியம் ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா? இரண்டு கட்டமைப்பிலும் பக்கத்தில் பக்கத்தில் நிறுவக்கூடிய நூலகம் என்றால் இரண்டுக்கும் பதிப்பு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், டிபிகேஜி விட்டுக்கொடுக்காது. மேலே டீச்சருக்கு எண்ணைத் துரத்த வேண்டாம் என்றேன், இந்த ஓரிடத்தில் மட்டும் எண்தான் சட்டம். வெளிக் களஞ்சியம் ஏஎம்டி64 க்கு மட்டும் புதிய நூலகத்தைத் தந்தால், ஆப்டுக்கு இருக்கும் ஒரே வழி ஐ386 ஐக் கழிப்பது.

ஹோல்ட் (பதிப்பை மாறாமல் நிறுத்துவது) போடுவதென்றால் இரண்டு கட்டமைப்புப் பெயரோடும் தனித்தனியாகப் போடுங்கள். அதைவிட நல்லது, அந்த வெளிக் களஞ்சியத்தின் முன்னுரிமையை 100 க்கு இறக்குவது. ஏற்கெனவே புதிய பதிப்பு ஏறியிருந்தால், டெபியன் களஞ்சியத்துக்குத் தற்காலிகமாக 1001 கொடுங்கள். 1000 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஆப்ட் பதிப்பை இறக்கவும் சம்மதிக்கும். முடிந்ததும் எடுத்து விடுங்கள், மறந்து போய் விட்டால் பிறகு தலையிடி.

ட்ரைவருக்கு மாற்றுத் தேடுவதையும் தொடங்குங்கள் தம்பி. டெபியன் 13 இல் ஐ386 க்கு நிறுவியும் இல்லை, கேர்னலும் இல்லை. உங்களைப் போல 64 பிட் மெஷினில் பழைய நிரல் ஓட்டுபவர்களுக்காக மட்டும்தான் வைத்திருக்கிறார்கள்.

#16 · வாழைச்சேனைக்_காற்று

நிக்ஸ் என்ற பொதி நிர்வாகியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. ஒரே பூட்டுக் கோப்பு, ஒரே கொமிட், இரண்டு கட்டமைப்பிலும் அதே பதிப்புகள். வால் படிக்கும் வேலையே இல்லை.

#17 · மருதமுனைத்_தறி

64 பிட்டுக்கு நீங்கள் சொல்வது உண்மை. 32 பிட் ஏஆர்எம்முக்கு அவர்களின் அதிகாரபூர்வக் கேஷில் (கட்டியவற்றைச் சேமித்து வைக்கும் இடம்) கட்டிய பொதிகள் இல்லை, எல்லாவற்றையும் நாங்களே கட்ட வேண்டும். அப்புறம், டீச்சர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருகிறவருக்கு நிக்ஸ் மொழியை யார் படிப்பிப்பது, நீங்களா?

#18 · வாழைச்சேனைக்_காற்று

பஸ் காசு தந்தால் வருகிறேன்.

#19 · படுவான்கரை_டீச்சர்

டெபியன் 13 உம் பை ஓஎஸ்ஸும் என்று முடிவெடுத்து விட்டேன். ஒரு லப்டொப், ஒரு பை இரண்டிலும் போட்டுப் பார்த்தேன், இரண்டிலும் மேட்ச்-கேஸ் ஓடுகிறது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தள இணைப்புக்குப் பிப் போட்டால் ‘வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்’ என்று மறுக்கிறது, அதற்கு ஓஎஸ்ஸின் பைதனைத் தொடாத தனி வெர்ச்சுவல் சூழல் ஒன்று செய்து கொண்டேன்.

இப்போது டேட்டாதான் யோசனை. எங்கள் பக்கம் சிக்னல் நிற்கிற இடம் ஆய்வுகூடத்தின் ஒரு மூலை மட்டும். ஒவ்வொரு மெஷினும் தனித்தனியாக இறக்கினால் மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. பாதியில் நின்றால் திரும்பவும் ஆளுக்கொரு பதிப்பில் நிற்கும்.

#20 · கல்லடிப்பாலம்

ஆப்ட்-கேஷர்-என்ஜி ஒன்றைப் போடுங்கள் டீச்சர். ஒரு மெஷின் இறக்கியது அடுத்த மெஷினுக்கு உள்வலையமைப்பிலேயே கிடைக்கும். ஏஎம்டி64, ஏஆர்எம்64 இரண்டையும் ஒரே கேஷ் தாங்கும். தமிழ் எழுத்துருக்கள், லிப்ரெ ஒபிஸின் தமிழ் இடைமுகம், எம்17என் விசைப்பலகைத் தரவு போன்றவை ‘எல்லாக் கட்டமைப்புக்கும்’ என்ற வகை. டெபியனிலிருந்து அவற்றை ஒருமுறை இறக்கினால் பைக்கும் லப்டொப்புக்கும் அதே கோப்புத்தான். எச்டிடிபிஎஸ் களஞ்சியங்களை மட்டும் அது சும்மா வைத்துக்கொள்ளாது. டெபியனுடையதும் பையுடையதும் எச்டிடிபியிலும் கிடைக்கும், ஒப்பத்தை ஆப்ட் சரிபார்ப்பதால் பயமில்லை.

பாடத்தவணை நடுவில் ஒன்றும் மாறக்கூடாது என்றால் ஆப்ட்லி என்ற கருவி. இரண்டு கட்டமைப்பையும் சொல்லி, தேவையான பொதிகளையும் அவை சார்ந்தவற்றையும் மட்டும் வடிகட்டி இறக்கி, ஒரு ஸ்னாப்ஷொட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்து, எல்லா மெஷினையும் அதற்குத் திருப்பி விடலாம். வடிகட்டாமல் முழுக் களஞ்சியத்தையும் இழுக்கத் தொடங்கி விடாதீர்கள். நான் முதலில் கேஷரோடு நிற்பேன். தவணை விடுமுறையில் எல்லா மெஷினையும் ஒரே நாளில் புதுப்பித்தால் போதும், பாதுகாப்புத் திருத்தங்களையும் அதிகம் தள்ளிப்போட மாட்டீர்கள்.

#21 · படுவான்கரை_டீச்சர்

கேஷரை எதில் போடுவது? பை சீரோ சும்மா கிடக்கிறது.

#22 · சம்மாந்துறை_ஆலை

பை சீரோவுக்கு வயர் வலையமைப்புப் போர்ட் இல்லை டீச்சர், எஸ்டி கார்டும் தாங்காது. 64 பிட் ஏறாத அந்த ஒன்றிரண்டு டெஸ்க்டொப்பில் ஒன்றை எடுங்கள். கேஷர் கோப்பை வாங்கிக் கொடுக்கிற வேலைதான், கொடுக்கிற பொதி எந்தக் கட்டமைப்பு என்று அதற்குக் கவலை இல்லை. முழு ஐ386 நிறுவல் வந்த கடைசி வெளியீடு டெபியன் 12, அதைப் போட்டு உள்வலைக்குள்ளேயே வைத்திருங்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் முதலில் ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் அறிக்கை) பார்த்துவிட்டுப் போடுங்கள், அந்தக் காலத்து டிஸ்க் எதையும் நான் நம்புவதில்லை.

#23 · படுவான்கரை_டீச்சர்

சரி நானா. சனிக்கிழமை பிள்ளைகளையும் வரச் சொல்லியிருக்கிறேன். டிஸ்க் என்ன சொல்கிறது என்று பார்த்து இங்கே போடுகிறேன்.